குல்லாவுக்குள் ஒரு தலை

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தலையை மறைப்பது எளிது. காலைப் பனிமூட்டத்தினூடே பெரட்டுக்கு நடந்து வருகிற ஆண்களில் பாதிப் பேர் காது மூடிய கம்பளிக் குல்லாவுடன்தான் வருவார்கள். ஏன் போட்டிருக்கிறாய் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் அதே இடத்தில் தலையைத் தவிர வேறெதையும் மறைக்க இயலாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா. நடுவில் ஒரு சுவர். மேலே எல்லோருக்கும் பொதுவான தகரக் கூரை. இங்கே ஒருவர் மாத்திரை உறையைப் பிரித்தால் அடுத்த காம்பராவில் கேட்கும். கேட்டவர் காலையில், "என்ன, சொகமில்லையா?" என்று விசாரிப்பார். அன்பினால்தான் விசாரிப்பார். விடை கிடைக்கும்வரை விசாரிப்பார்.

இந்த இரண்டுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட ஓர் இளைஞனைப் பற்றி இன்று எழுதுகிறேன். அவனுடைய சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். பெயரும் தோட்டமும் சொல்வதில்லை என்பது எங்களுக்குள் உடன்பாடு. எனக்குத் தங்கை முறையாகும் பெண்ணின் மகன் என்பது மட்டும் போதும்.

வயது 29. பத்தொன்பது வயதில் கொழும்புக்கு வந்து புறக்கோட்டைத் துணிக்கடையொன்றில் சேர்ந்தவன். இன்று அங்கே கணக்குப் பார்க்கிறான். இருபத்து மூன்றிலேயே நெற்றி மேலேறத் தொடங்கிவிட்டது. மூன்று இடங்களிலிருந்து சம்பந்தம் பேசி வந்தார்கள். மூன்றும் புகைப்படத்தோடு நின்றன. மூன்றாவது வீட்டார், "மாப்பிள்ளைக்கு வயசக் கொறச்சு சொல்றீங்களோ" என்று கேட்டார்களாம். அதன்பிறகு அவன் சீட்டுப் பணத்தை எடுத்தான். பின்தலை முடியை எடுத்து முன்தலையில் நடுகிற சத்திரசிகிச்சைக்குக் கொழும்பில் ஓரிடத்தில் நாள் குறித்துவிட்டான். எவருக்கும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் இரவு என்னைத் தொலைபேசியில் அழைத்தான். லயத்தில் பேசினால் கேட்கும் என்று பீலிக்கரைக்குப் போய், தண்ணீர் விழும் ஓசைக்குப் பக்கத்தில் நின்று பேசினான். "மாமா, நீங்க பேப்பர்ல இருந்தவரு, ஒங்களுக்கு டாக்டர்மாரத் தெரியும். யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. தலையில சீ வைக்குது மாமா."

அவன் போட்டிருந்த திட்டத்தைக் கேட்டபோது, உண்மையைச் சொன்னால், ஒரு கணம் வியந்தேன். இந்தச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் தலையை மழிக்க வேண்டும். மழித்த தலையுடன் ஒரு வெள்ளைக்காரன் வீட்டுக்குப் போனால் ஆயிரம் கேள்வி எழும். தமிழனுக்கு அந்தக் கவலை இல்லை; நேர்த்திக்கடன் என்று ஒரு சொல் போதும். 2004 ஓகஸ்டில் இத்தாலியப் பிரதமராக இருந்த பெர்லுஸ்கோனி, முடி நட்ட கையோடு, சார்டினியா தீவில் தம் விருந்தினரான டோனி பிளேயரை வரவேற்கத் தலையில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு வந்தார். உலகப் பத்திரிகைகள் அந்தப் படத்தைப் போட்டுச் சிரித்தன. அவர் தமிழராக இருந்திருந்தால் முருகனுக்கு மொட்டை போட்டேன் என்று சொல்லித் தப்பியிருப்பார். நம் பையன் அதைத்தான் செய்தான். "கதிர்காமத்துக்கு நேந்துக்கிட்டேன்மா" என்று தாயிடம் சொல்லி, குல்லாவைப் போட்டுக்கொண்டு, இரண்டு வார விடுமுறையில் தோட்டத்துக்கு வந்துவிட்டான்.

திட்டம் எங்கே உடைந்தது என்பதை வரிசையாகச் சொன்னால், இதே யோசனையுடன் இருக்கும் வேறு பிள்ளைகளுக்கு உதவும்.

முதலில் பயணம். சிகிச்சை முடிந்த மறுநாளே கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டன் பஸ். நின்றுகொண்டு வந்தான். வளைவுகளில் தலை கம்பியில் இடித்தது. ஓரிடத்தில் வாந்தி எடுக்கக் குனிந்தான். புதிதாக நட்ட முடிவேர் முதல் சில நாட்களுக்கு வெறும் இரத்தக் கசிவின் பசையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு வாரம், பத்து நாள் சென்றால்தான் பிடிப்பு உறுதியாகும். அதுவரை உராய்வோ இடியோ பட்டால் வேர் கழன்று வந்துவிடும். கழன்ற வேர் கழன்றதுதான்.

அடுத்தது அவன் நம்பியிருந்த அந்தக் குல்லா. தளர்வான தொப்பியைச் சில நாட்கள் சென்று வைத்தியர் அனுமதிப்பதுண்டு. காது மூடும் கம்பளிக் குல்லா வேறு. அதன் இழைகள் புண்ணின் பொருக்கில் சிக்கும், இறுக்கிப் பிடிக்கும், கழற்றும்போது பிய்த்துக்கொண்டு வரும். குளிருக்குப் பயந்து அவன் இரவிலும் அதைக் கழற்றவில்லை. தலையை உயர்த்தி வைத்துச் சாய்ந்து தூங்கச் சொல்லியிருந்தார்கள். நான்கு பேர் படுக்கும் காம்பராவில் ஒருவன் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தூங்கினால் ஏன் என்று கேட்பார்களே, ஆகவே பாயில் படுத்தான். மூன்றாம் நாள் நெற்றி வீங்கி, வீக்கம் இறங்கிக் கண்கள் இரண்டும் மூடிக்கொண்டன. இது இந்தச் சிகிச்சையில் சாதாரணமாக வருவது. சில நாட்களில் தானே வடியும். லயத்தில் அன்று மாலைக்குள் பரவிய செய்தி, கொழும்பில் குடித்துவிட்டு அடி வாங்கி வந்திருக்கிறான் என்பது. மறைக்க நினைத்தது வழுக்கையை. கிடைத்தது குடிகாரப் பட்டம்.

நான்காம் நாள்தான் உண்மையான ஆபத்து வந்தது, சந்தனக் கிண்ணத்துடன். மொட்டை போட்ட தலைக்குச் சந்தனம் பூசாமல் விடலாமா? பக்கத்துக் காம்பரா அத்தை, நேர்த்திக்கடன் செய்த பிள்ளை என்று குல்லாவை எடுக்கச் சொன்னார். தலையைப் பார்த்ததும், "என்னடா இப்புடிக் கீறி வச்சிருக்கான், அந்த நாவிதன் கையில கத்தியா அருவாளா?" என்று அங்கலாய்த்துவிட்டு, குளிர்ச்சிக்கென்று தாராளமாகப் பூசினார். ஆயிரக்கணக்கான துளைகள் ஆறாத தலை அது. பீலித் தண்ணீரில் உரைத்த சந்தனம் அது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கதிர்காமம் பொய்யாகிவிடும். இரவு, எவரும் பார்க்காத நேரத்தில், பீலியின் கீழே தலையைக் காட்டிச் சந்தனத்தைக் கழுவினான். உயரத்திலிருந்து விழும் பீலித் தண்ணீர் தோளில் விழுந்தாலே வலிக்கும். கொதித்தாறிய நீரைக் கிண்ணத்தால் மெதுவாக ஊற்ற வேண்டிய இடம்.

ஆறாம் நாள் சீழ்.

"நாளைக்கே டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்குப் போ" என்றேன். இந்திய உதவியில் கட்டிய அதன் புதிய கட்டடத்தை 2017-இல் மோடி வந்து திறந்துவைத்தார். தோட்ட மக்களுக்கு அருகிலுள்ள பெரிய வைத்தியசாலை. அவன் விடை இது: "அங்க வேல செய்ற அண்ணன் நம்ம டிவிசன் ஆளு மாமா." தலையில் தொற்று ஏறிக்கொண்டிருக்கிறது, பையன் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோம் என்று அஞ்சுகிறான். முப்பத்தைந்து ஆண்டுகள் செய்தி மேசையில் இருந்தவனுக்கு இப்படிப்பட்ட அச்சம் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும். 2016 மே மாதத்தில் சென்னையில் 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர், மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர், முடி நட்டுக்கொள்ளச் சென்று, சிகிச்சையில் உடல்நிலை மோசமாகி, வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இரண்டு நாட்களில் இறந்தார். அந்த நிலையத்துக்கு இருந்தது சிகையலங்கார நிலையம் நடத்தும் உரிமம்தான் என்று அப்போது செய்திகள் வெளிவந்தன. 2019-இல் மும்பையில் ஒரே அமர்வில் 9,000-க்கும் மேற்பட்ட முடிகளை நட்டுக்கொண்ட ஒருவர் ஒவ்வாமையால் இறந்தார். இவை அரிதாக நடப்பவை. தகுதியுள்ள வைத்தியர், போதிய கண்காணிப்பு, நேர்மையான நோயாளி மூன்றும் இருந்தால் இது பாதுகாப்பான சிகிச்சைதான். பயமுறுத்துவது என் நோக்கமன்று. எனினும் இது தலைமுடி வெட்டுவதைப் போன்றதன்று. மரத்துப்போகும் ஊசியை மணிக்கணக்கில் போட்டுச் செய்கிற சத்திரசிகிச்சை.

அந்த மூன்றாவது, நேர்மையான நோயாளி என்பதில்தான் நம்மவர்கள் தவறுகிறார்கள். சிகிச்சைக்கு முந்திய நான்கு நாட்கள் பல்வலிக்காக அவன் ஆஸ்பிரின் விழுங்கியிருக்கிறான். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து அது. சிகிச்சையன்று கசிவு நிற்கவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்றேன். படிவம் ஆங்கிலத்தில் இருந்ததாம். புரியாத கேள்விகளுக்கெல்லாம் 'இல்லை' என்று அடையாளமிட்டிருக்கிறான். வரவேற்பறையில் வேறு ஆட்கள் இருந்ததால் வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். பணத்தைத் தமிழில் எண்ணி வாங்குகிறவர்கள் படிவத்தையும் தமிழில் தரலாம் என்பது என் கருத்து. அது நடக்கும்வரை, கேட்டே ஆகவேண்டும். என்ன மருந்து உட்கொள்கிறேன், நாட்டு மருந்து உட்பட. புகை, மது எவ்வளவு. நீரிழிவு, இரத்த அழுத்தம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று வைத்தியரே சொல்லவேண்டும். இருதயத்துக்கு மருந்து எடுக்கிறவர் இதற்காகத் தானாக அதை நிறுத்திவிடக் கூடாது.

வைத்தியர் என்றேன். யார் வைத்தியர் என்பதும் பார்க்கவேண்டியது. இலங்கையில் 2006-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். கத்தி பிடிக்கிறவரின் பெயர் இலங்கை மருத்துவச் சபையின் பதிவில் இருக்கிறதா என்று பார்க்கலாம். பார்ப்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை. இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறையில், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துப் பழகியது இதற்குத் தகுதியாகாது என்று எழுதவேண்டி வந்தது. எழுதவேண்டி வந்தது என்பதிலிருந்தே நிலைமையை ஊகிக்கலாம்.

சரி, ரஜினிகாந்த் மறைக்கவில்லையே, சத்யராஜ் மறைக்கவில்லையே, இவன் ஏன் மறைக்கிறான் என்று சிலர் கேட்பீர்கள். வழுக்கையோடு நடமாடு, அதுவே ஆண்மை என்று அறிவுரையும் சொல்வீர்கள். சனத் ஜயசூரியவின் தலையையும் உதாரணம் காட்டுவீர்கள். எனக்கு இந்த அறிவுரையில் நம்பிக்கை இல்லை. ரஜினி வழுக்கையுடன் மேடையேறினால் எளிமை என்று கைதட்டுகிறோம். துணிக்கடைப் பையன் அதே தலையுடன் பெண் பார்க்கப் போனால் வயதைக் கேட்கிறோம். கால்பந்து வீரர் வெய்ன் ரூனி 2011-இல் முடி நட்டுக்கொண்டதைத் தானே உலகுக்கு அறிவித்தார். அவருக்கு இழப்பதற்கு ஒரு சம்பந்தம் இருக்கவில்லை. முடி நடுவதும் நடாததும், அதை ஊருக்குச் சொல்வதும் சொல்லாததும் அவரவர் உரிமை. ஊருக்கு மறைக்கட்டும். நான் மறுப்பது வேறு: வைத்தியருக்கு மறைப்பது, கூடப் படுத்துறங்கும் வீட்டாரில் ஒருவருக்குக்கூடச் சொல்லாமல் இருப்பது. அந்த ஒருவருக்குத் தெரிந்திருந்தால் சந்தனக் கிண்ணம் வாசலிலேயே நின்றிருக்கும்.

மணக்கப்போகும் பெண்ணுக்கும் சொல்லத்தான் வேண்டும் என்பேன். இது ஒழுக்கப் பிரசங்கம் அன்று. முடி நட்டபின் எஞ்சியிருக்கும் பழைய முடி தொடர்ந்து உதிரக்கூடும். அதைத் தடுக்கப் பலருக்கும் பினாஸ்டரைட் மாத்திரை எழுதித் தருகிறார்கள். கருவுற்ற பெண், அல்லது கருவுறக்கூடியவள், அந்த மாத்திரையின் உடைந்த துண்டையோ தூளையோ கையால் தொடக்கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாயின் அதன் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். ஒரே அலமாரியில் ஒளித்து வைத்த மாத்திரையை எத்தனை வருடம் காப்பாற்றுவது?

மறுநாள் அவன் கிளங்கனுக்குப் போனான். போவதற்கு முன், காம்பராவின் பின்புறத்தில், தாயிடம் உண்மையைச் சொன்னான். அவள் கோபித்துக்கொள்வாள், சீட்டுப் பணம் போயிற்றே என்று அழுவாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் ஒரு தாவணியைத் தளர்வாகப் போர்த்தி அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் கேட்டவர்களுக்கு, "தலையில எறும்பு கடிச்சிருச்சு" என்றாள். பொய் சொல்வதில் மகனைவிடக் கைதேர்ந்தவள். மருந்தில் தொற்று அடங்கியது. ஓர் ஓரத்தில் கொஞ்சம் முடி போனதோடு முடிந்தது.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். சிகிச்சை முடிந்து ஐந்து வாரம் இருக்கும். கொழும்பிலிருந்து மீண்டும் வந்திருந்தவன் முகம் செத்துக் கிடந்தது. நட்ட முடியெல்லாம் உதிர்கிறதாம். இது எல்லோருக்கும் நடப்பது. இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் நட்ட முடி உதிரும். வேர் உள்ளேயே இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கும். முழுப் பலனைப் பார்க்க ஒரு வருடம் வேண்டும். ஏமாந்துவிட்டோம் என்று தனியாக உட்கார்ந்து தவிப்பது இந்த மாதங்களில்தான். நான் விளக்க வாயெடுப்பதற்குள் அவன் அம்மா சொன்னாள்: "நானும் அதத்தாண்ணே சொல்றேன். கவ்வாத்து வெட்டுன மலையப் பாத்தா செத்த மலையாட்டந்தான் இருக்கும். ரெண்டு மாசம் போகட்டும்னு சொன்னா கேக்க மாட்டேங்குறான்."

நியூயோர்க்கில் நோர்மன் ஓரன்ட்ரைக் என்ற வைத்தியர் 1952-இல் வழுக்கைக்கு இதை முதலில் செய்து, 1959-இல் எழுதியதன் சாரம், பின்தலை முடி எங்கே நடப்பட்டாலும் பின்தலையின் குணத்துடனேயே வளரும் என்பது. அவருக்கு முன்பே 1939-இல் ஜப்பானில் ஒக்குடா என்பவர் சிறு துளையால் முடி எடுத்து நட்டிருந்தார். யுத்தத்தில் அது வெளியுலகுக்குத் தெரியாமல் போயிற்று. இதையும் அவளுக்குச் சொன்னேன். "வி.பி. கன்னு மாதிரி" என்றாள். தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெட்டித்துண்டிலிருந்து வளர்த்துப் பரப்பிய கன்றுகளை அவளும் நட்டவள். தாய்ச்செடியின் குணம் மாறாது என்பது அவளுக்கு நான் சொல்லித்தரவேண்டிய விஷயம் அன்று. பின்தலை ஒரு சிறிய நாற்றுமேடை, எடுத்தது மீண்டும் அங்கே முளைக்காது, ஆகவே இருபத்திரண்டு வயதில் அவசரப்பட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடக் கூடாது என்பதையும் புரிந்துகொண்டாள். மகனைவிட விரைவாகவே.

பேசிக்கொண்டே தலைச்சீலையைச் சரிசெய்தபோது பார்த்தேன். உச்சிக்கும் நெற்றிக்கும் இடையில், ஒரு விரலுக்குமேல் அகலமாக, பக்கத்துக்குப் பக்கம், முடியே இல்லாத ஒரு பட்டை. கொழுந்துக் கூடையின் கயிறு கிடக்கும் இடம். முப்பத்தோரு வருடம் மலைக்குப் போனவள். நாளொன்றுக்குப் பதினெட்டோ இருபதோ கிலோ, நிறுவைக்கு நிறுவை நிறைந்து, சரிவில் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தப் பாரம் இழுக்கிற இழுப்பு முழுவதும் அந்த ஒரு பட்டையில் விழுகிறது. துணி மடித்து வைத்தாலும் விழத்தான் செய்யும். கூடைக்குப் பதில் சாக்கு வந்த தோட்டங்களிலும் பல இடங்களில் கயிறு தலையைவிட்டு இறங்கவில்லை. இழுப்பினால் முடி போவது மருத்துவத்துக்குப் புதிதன்று. கிரீன்லாந்துப் பெண்கள் இறுக்கி முடிந்த கொண்டையால் நெற்றியோர முடியை இழந்ததை 1907-இலேயே ஒரு வைத்தியர் எழுதி வைத்தார். ஆரம்பத்தில் இழுப்பை நிறுத்தினால் திரும்பும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் வேர் தழும்பாகிவிடும். மலையகத்தின் சம்பளப் பேச்சுகளைப் பற்றி நான் எழுதிய செய்திகள் ஏராளம். 2021-இன் ஆயிரம் ரூபா, 2024-இன் 1,350 ரூபா, எல்லாவற்றையும் வாசித்தேன், எழுதினேன். இந்தப் பட்டையைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. பார்க்காமலில்லை. அது வழுக்கை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளும் நாற்பது வயதிலிருந்து சீலைக்குள் மறைத்தபடிதான் இருக்கிறாள். அதற்காக எந்தச் சம்பந்தமும் முறியவில்லை என்பதால் எவரும் கவனிக்கவில்லை.

நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். சிரித்துக்கொண்டு, "இதுலயும் நடுவாங்களாண்ணே?" என்று கேட்டாள்.

கொழும்பு திரும்பியதும், சருமநோய் வைத்தியரான நண்பரிடம் கேட்டேன். நடலாம், தழும்புத் தோலில் பிடிப்பது குறைவு, எனினும் நடலாம் என்றார். ஒரு நிபந்தனை: முதலில் இழுப்பு நிற்க வேண்டும். கயிறு தொடர்ந்து விழுகிற இடத்தில் நட்டுப் பயனில்லை.

அன்றிரவு அவளை அழைத்து அதைச் சொன்னேன். இன்னும் மூன்று வருடம் மலைக்குப் போகவேண்டியிருக்கிறது என்றாள். மகனுக்குத் தை மாதத்தில் பெண் பார்க்கப் போகிறார்களாம், என்னையும் வரச்சொன்னாள்.